ஆட்டோமேட்டிக் வால்வோ 240 காரை மேனுவலாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

வால்வோ 240 வரிசைக் கார்கள் 1974 முதல் 1993 வரை தயாரிக்கப்பட்டன. இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் விற்பனையாயின. வட அமெரிக்காவில் இன்று நல்ல நிலையில் கிடைக்கும் 240 கார்களில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். காரின் உடலும் எஞ்சினும் மேனுவல் கியர் பெட்டியையும் மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை என்பதால், உடலை வெட்டாமல், வெல்டிங் செய்யாமல், தொழிற்சாலைப் பாகங்களை மட்டும் கொண்டே மாற்றத்தை முடித்துவிடலாம். இந்த வழிகாட்டி, பி230எஃப் எஞ்சினும் ஏடபிள்யூ70 ஆட்டோமேட்டிக்கும் கொண்ட, ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரில் ஐந்து கியர் எம்47 பெட்டியைப் பொருத்தும் வேலையை விவரிக்கிறது. என் 1990 ஆம் ஆண்டுக் காரில் இதைச் செய்தபோது கியர்பாக்ஸைத் தூக்கிப் பொருத்திய நேரத்தைவிட, சின்னஞ்சிறு பொருள்களோடு போராடிய நேரமே அதிகம். அந்தச் சிறிய பொருள்களுக்குத்தான் இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் பழுதாகிவிட்டது, அதைச் சரிசெய்வதைவிட மேனுவலாக்குவது மலிவு என்ற எண்ணத்தில் இதில் இறங்காதீர்கள். ஏடபிள்யூ70 மிக உறுதியான பெட்டி. பழைய கார் கிடங்கில் இன்னொன்றை வாங்கி மாட்டுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. நான்காவது கியர் விழவில்லை என்று வருகிற புகார்களில் பலவற்றுக்குப் பெட்டி காரணமே இல்லை. நான்காவது கியரை இயக்கும் ஓவர்டிரைவ் ரிலேயில் சாலிடர் விட்டுப்போனதுதான் காரணம். கிளட்ச் மிதித்து ஓட்டும் ஆசை இருந்தால் மட்டும் தொடருங்கள்.

முதலில் கணக்கு: டிஃபரன்ஷியல் விகிதம்

கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் பின் அச்சைப் பாருங்கள். அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு தகட்டில் அதன் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது, குறிக்கப்பட்டிருக்கும். ஆட்டோமேட்டிக் கார்களில் அது பெரும்பாலும் 3.73. ஏடபிள்யூ70 பெட்டியின் நான்காவது கியர் விகிதம் ஏறக்குறைய 0.69, எம்47 பெட்டியின் ஐந்தாவது கியர் 0.82. இதன் விளைவைப் பலர் வேலை முடிந்து நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் உணர்கிறார்கள். 185/70 ஆர்14 டயரில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஆட்டோமேட்டிக் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,220 சுற்று சுற்றியது. அதே அச்சோடு எம்47 பெட்டியை மாட்டினால் சுமார் 2,640 சுற்று சுற்றும். மேனுவல் காரிலிருந்து 3.31 விகித அச்சையும் சேர்த்து எடுத்தால் அது 2,340 அளவுக்கு இறங்கிவிடும்.

மறுமுனையில் முதல் கியர் இருக்கிறது. எம்47 முதல் கியர் விகிதம் 4.03. அதை 3.73 அச்சோடு பெருக்கினால் 15 வருகிறது. கார் நகரத் தொடங்கிய உடனே இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டியிருக்கும். சந்திப்புக்குச் சந்திப்பு நின்று நின்று போகும் நகரத்தில் இது கைக்கும் காலுக்கும் வீண் வேலை. மலைப்பாதையில் மட்டுமே ஓட்டுபவருக்கும், பின்னால் டிரெய்லர் கட்டி இழுப்பவருக்கும் 3.73 பொருந்தலாம். மற்றவர்கள் அச்சையும் மாற்றுவதற்கு இப்போதே திட்டமிட்டுக்கொள்வது நல்லது. அதை இன்னொரு வார இறுதிக்குத் தள்ளிப்போடலாமே தவிர, மறந்துவிடக் கூடாது.

உதிரிக் கார்

பாகங்களைத் தனித்தனியாகத் தேடி வாங்குவதைவிட, மோதி நொறுங்கிய அல்லது துருப்பிடித்த ஒரு மேனுவல் 240 காரை முழுதாக வாங்குவதே சிறந்தது. முடிந்தவரை உங்கள் காரின் ஆண்டுக்கு நெருங்கிய ஆண்டாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவ உறை), ஃப்ளைவீல் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்), கிளட்ச் ஃபோர்க், கிளட்ச் கேபிள், பெடல் தொகுதி, கியர் லீவரும் அதன் உறையும், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் தண்டு) முன்பாதி, ரிவர்ஸ் விளக்கு சுவிட்சும் அதன் ஒயரும், ஸ்டார்ட்டர் மோட்டார், பின் அச்சு ஆகிய அனைத்தையும் அதிலிருந்து எடுங்கள். இவற்றோடு, எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதிய தனித்தனிப் பைகளும் வேண்டும். உதிரிக் காரைப் பிரிக்கும்போது எடுக்கும் நிழற்படங்கள், உங்கள் காரில் பொருத்தும்போது எந்தப் புத்தகத்தையும்விடப் பயன்படும்.

புதிதாக வாங்க வேண்டியவை குறைவு: கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் கொண்ட ஒரு தொகுப்பு, 6202 அளவுள்ள, இருபுறமும் மூடிய பைலட் பேரிங், ஃப்ளைவீலுக்குப் புதிய போல்ட்கள், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன், பின் சீல்கள், ரப்பர் தாங்கி. ஃப்ளைவீலின் முகத்தை ஒரு லேத் பட்டறையில் கடைந்து சமன்செய்து வாங்குங்கள்.

எந்த ஃப்ளைவீல் என்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. 1988 வரையிலான வட அமெரிக்கக் கார்களில் எல்ஹெச் 2.2 எரிபொருள் முறை இருந்தது. எஞ்சினின் சுழற்சியை டிஸ்டிரிபியூட்டரில் உள்ள சென்சார் சொன்னது. 1989 முதல் வந்த எல்ஹெச் 2.4 கார்களில் அந்த வேலை பெல் ஹவுசிங்கின் மேல் பொருத்தப்பட்ட சென்சாருக்குப் போய்விட்டது. அது ஃப்ளைவீலின் விளிம்பில் வரிசையாக உள்ள பற்களை எண்ணுகிறது. அறுபது பற்கள் இருக்க வேண்டிய வட்டத்தில் இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியைக் கொண்டே கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, எங்கே நிற்கிறது என்று கணினி அறிகிறது. ஆகவே 1989 அல்லது அதற்குப் பிந்தைய காருக்கு இந்தப் பல்வரிசை கொண்ட ஃப்ளைவீலும், சென்சாருக்கு இடமுள்ள பெல் ஹவுசிங்கும் கட்டாயம் வேண்டும். பழைய ஃப்ளைவீல் பொருந்தும். ஆனால் கார் கிளம்பாது.

ஆட்டோமேட்டிக்கை இறக்குதல்

சமமான கான்கிரீட் தரையில், நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்துங்கள். ஜாக்கின் மேல் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட்டு, பெட்டியின் எண்ணெயை வடியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் வேலையை எண்ணெயால் செய்யும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்னும் சில லிட்டர் எண்ணெய் தங்கியிருக்கும், அது பெட்டி சாயும்போதெல்லாம் முகத்தில்தான் கொட்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டை கழற்றும் முன் அதன் இரு பாதிகளும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். பின்பாதி உங்களுடையதாகவே இருக்கும், முன்பாதி மட்டும் மாறும். இரண்டின் யோக்குகளும் (முனையிலுள்ள கவைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கோடு நினைவூட்டும். பிறகு எண்ணெய்க் குளிர்விப்புக் குழாய்கள், எண்ணெய் அளக்கும் குச்சியின் குழாய், திராட்டிலிலிருந்து வரும் கிக்டவுன் கேபிள், கியர் தேர்வு லீவரின் தண்டு, எக்ஸாஸ்ட் குழாயைப் பெட்டியோடு பிடித்திருக்கும் கிளாம்பு ஆகியவற்றைக் கழற்றுங்கள். ரேடியேட்டரில் குளிர்விப்புக் குழாய்கள் சேர்ந்த இரு துளைகளையும் பொருத்தமான அடைப்பால் மூடினால் போதும். ரேடியேட்டரை மாற்றத் தேவையில்லை.

டார்க் கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (ஆட்டோமேட்டிக் காரில் ஃப்ளைவீலின் இடத்தில் உள்ள மெல்லிய தட்டு) பிணைக்கும் போல்ட்களைக் கீழ்த் திறப்பின் வழியே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதற்கு கிராங்க் புல்லியின் நடுவிலுள்ள 24 மி.மீ. போல்ட்டை ராட்செட்டால் பிடித்து எஞ்சினைச் சுழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஒரு கையாலேயே சுழலும். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்கள் எஞ்சின் அறையிலிருந்து எட்டாது. கிராஸ் மெம்பரை எடுத்து, பெட்டியின் வால் பகுதியை ஜாக்கின் மேல் மெல்ல இறக்குங்கள். பிறகு பெட்டியின் மேற்புறமாக ஒரு மீட்டர் நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன்களை இணைத்துப் பின்னாலிருந்து அவற்றைத் திறக்கலாம். எஞ்சின் பின்னோக்கிச் சாயும்போது முன்னால் உள்ள விசிறி அதன் உறையில் இடிக்கிறதா, ஹீட்டர் குழாய்கள் இழுபடுகின்றனவா என்று ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டி வெளியே வரும்போது கன்வெர்ட்டரும் அதோடு சேர்ந்தே வர வேண்டும். இது ஒருவரால் தாங்கக்கூடிய எடை அல்ல. கியர்பாக்ஸ் ஜாக்கை வாடகைக்கு எடுங்கள்.

ஃப்ளைவீல்: அவசரப்படக் கூடாத இடம்

பெட்டி இறங்கியதும் ஃப்ளெக்ஸ் பிளேட் தெரியும். அதைத் தொடாதீர்கள். முதலில் கிராங்கைச் சுழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சத்தில் நிறுத்துங்கள். முன்னால் கிராங்க் புல்லியில் உள்ள குறி சுழியத்தில் நிற்க வேண்டும். இப்போது ஃப்ளெக்ஸ் பிளேட்டின் விளிம்பில் பற்கள் விடுபட்ட இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்கு நேரே எஞ்சின் பிளாக்கில் பெயின்ட்டால் ஒரு குறி இட்டு, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் எட்டு போல்ட்களையும் திறக்க வேண்டும்.

இதற்கு இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்றால், ஃப்ளைவீலைப் பிடிக்கும் எட்டு துளைகளும் சம இடைவெளியில் உள்ளன. எட்டு நிலைகளில் எதில் வைத்தாலும் போல்ட்கள் சுகமாக உள்ளே போகும். சரியானது ஒன்றே ஒன்று. மற்ற ஏழில் எதிலும் இடைவெளி குறைந்தது 45 பாகை தள்ளிப்போகும். டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி இதைச் சரிசெய்யவும் முடியாது, ஏனெனில் எல்ஹெச் 2.4 காரில் பற்றவைப்பு நேரத்தைத் தீர்மானிப்பது அந்த இடைவெளிதான். நான் குறியெல்லாம் சரியாக இட்டேன். ஆனால் ஃப்ளைவீலைக் கையில் தாங்கிப்பிடித்துக்கொண்டு முதல் போல்ட்டைத் தேடிய நேரத்தில் அது ஒரு துளை அளவு நழுவியதைக் கவனிக்கவில்லை. எல்லாம் பூட்டி முடித்து, இரவு பத்து மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் ஒருமுறை இருமி, இன்டேக் பக்கமாக ‘டப்’ என்று வெடித்து நின்றது. எரிபொருள் பம்ப், ஃபியூஸ், ரிலே என்று ஒரு நாள் முழுவதும் தேடிய பிறகே டைமிங் விளக்கை எடுத்தேன். குறி இருக்க வேண்டிய இடத்தின் பக்கத்தில்கூட இல்லை. பெட்டியை மறுபடி இறக்கினேன். ஆகவே போல்ட்களை இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, இடைவெளி பிளாக்கின் குறிக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். 1988 வரையிலான காருக்கு இந்தக் கவலை இல்லை.

ஃப்ளைவீலை ஏற்றும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். அது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றுங்கள், ஏனெனில் அது கசிந்தால் புதுக் கிளட்ச் தட்டு எண்ணெயில் நனையும், பெட்டியையும் திரும்ப இறக்க வேண்டும். அடுத்தது பைலட் பேரிங். கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்டின் நுனி, கிராங்கின் மையக்குழியில் உள்ள இந்தச் சிறு பேரிங்கில்தான் தங்குகிறது. ஆட்டோமேட்டிக் காரில் அது இருக்காது; வேலை முழுவதிலும் மிகவும் மலிவான பாகமும், அதிகம் மறக்கப்படும் பாகமும் இதுதான். குழியைத் துணியால் சுத்தம் செய்து, பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் படும் சாக்கெட் ஒன்றை வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். அதைத் தாங்கும் பூட்டு வளையத்தையும் உதிரிக் காரிலிருந்து எடுத்துப் போட மறவாதீர்கள்.

ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட்களை ஃப்ளைவீலுக்குப் பயன்படுத்தக் கூடாது. புதிய போல்ட்களைப் போட்டு, எதிரெதிராக, படிப்படியாக 70 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

கிளட்சும் பெட்டியும்

ஃப்ளைவீலின் முகத்தையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். கிளட்ச் தட்டின் ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸை நோக்க வேண்டும். தட்டை மையப்படுத்தத் தொகுப்போடு வரும் பிளாஸ்டிக் தண்டைப் பைலட் பேரிங்குக்குள் செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்களைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று வீதம் இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணலாகிவிடும்.

பெட்டியை ஏற்றும் முன் உள்வரும் ஷாஃப்டின் ஸ்பிளைன்களில் மிகச் சிறிதளவே கிரீஸ் தடவுங்கள். அதிகமானால் அது சிதறித் தட்டில் ஒட்டும். பெட்டியை ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, ஜாக்கின் மேல் எஞ்சினுக்கு நேர்கோட்டில் உயர்த்தி, பின்புற ஃபிளாஞ்சை மெல்லத் திருப்பியபடி உள்ளே தள்ளுங்கள். தட்டு சரியாக மையத்தில் இருந்தால், கடைசி இரண்டு விரல் அளவு இடைவெளி திடீரென்று மூடிக்கொள்ளும். மூடவில்லையென்றால் வெளியே இழுத்து மீண்டும் முயலுங்கள். பெல் ஹவுசிங் போல்ட்களை இறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தட்டின் மையப்பகுதியோ பெல் ஹவுசிங்கின் காதோ உடையும். எல்லாம் பூட்டியபின் சென்சாரைப் பொருத்துங்கள். அதன் கேபிளின் உறை இந்த வயதில் வெடித்திருப்பது வழக்கம். கை எளிதாக எட்டும் இப்போதே புதியதைப் போட்டுவிடுங்கள்.

பெடல்கள்

ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, முதுகைத் தரைவிரிப்பில் வைத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துச் செய்யும் வேலை இது. அரை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். அகன்ற பிரேக் பெடலோடு இருக்கும் பழைய தொகுதியை மொத்தமாக எடுத்து, உதிரிக் காரின் தொகுதியை அதன் இடத்தில் வையுங்கள். பிரேக் பூஸ்டரின் தண்டைப் பெடலோடு சேர்க்கும் முளையும் அதன் பூட்டு ஊசியும் திரும்பப் பொருத்தப்பட்டுவிட்டனவா என்று இருமுறை பாருங்கள். கிளட்ச் வேலையில் மூழ்கியிருக்கும்போது பிரேக்கை அரைகுறையாக விட்டுவிடுவது மிக எளிது. பிரேக் விளக்கு சுவிட்சையும் புதிய பெடலுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள்.

கிளட்ச் கேபிள் எஞ்சின் அறைக்குள் போகும் துளையை ஃபயர்வாலில் ரப்பர் அடைப்புக்குப் பின்னால் தேடுங்கள். கேபிளை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலக்கி, கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுபோய், ஃபோர்க்கின் முனையில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி நட்டுகளைப் பூட்டுங்கள். தளர்வே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுழன்று தேயும். அதிகமானால் ரிவர்ஸ் கியர் கரகரக்கும்.

ஒயர்கள்

ஆட்டோமேட்டிக் லீவரின் அடியில் உள்ள சுவிட்ச் இரண்டு வேலைகளைச் செய்துவந்தது: பார்க், நியூட்ரல் நிலைகளில் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விட்டது, ரிவர்ஸில் பின் விளக்கை எரித்தது. மல்டிமீட்டரைக் கொண்டு இரு இணை ஒயர்களையும் அடையாளம் காணுங்கள். ஒயர் நிறங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ரிவர்ஸ் விளக்கின் இணையைப் புதிய பெட்டியின் சுவிட்சுக்கு நீட்டுங்கள். ஸ்டார்ட்டர் இணையை நேரடியாகச் சேர்த்துவிட்டால் கார் கிளம்பும், பலர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கியரில் நிற்கும் காரின் சாவியை யாராவது வெளியில் நின்றபடி திருப்பினால் கார் பாயும். அந்த இணையைக் கிளட்ச் பெடலில் பொருத்திய ஒரு சாதாரண சுவிட்சின் வழியே கொண்டுபோவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆகும். எஞ்சின் கணினியை மாற்றத் தேவையில்லை.

1986 முதல் வந்த கார்களில் வேகமானி பின் அச்சிலுள்ள சென்சாரிலிருந்து இயங்குவதால் அது பாட்டுக்கு வேலை செய்யும். அதற்கு முந்தைய கார்களில் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. உங்கள் அச்சின் விகிதத்துக்குப் பொருந்தும் பற்சக்கரம் பெட்டியில் இருக்க வேண்டும். 1980களின் நடுப்பகுதிக் காரென்றால் எஞ்சின் ஒயர்களின் உறை உதிர்ந்துபோயிருக்கிறதா என்றும் இந்தச் சமயத்தில் பாருங்கள். அந்த ஆண்டுகளின் ஒயர்கள் அதற்குப் பேர்போனவை.

எண்ணெயும் முதல் ஓட்டமும்

எம்47 பெட்டிக்கு வால்வோ குறித்தது வழக்கமான தடித்த கியர் எண்ணெய் அல்ல, ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு ஊற்றும் மெல்லிய வகை எண்ணெய். எந்த ரகம் என்பதை உங்கள் ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும். ஐந்தாவது கியர் பெட்டியின் பின்நீட்சியில் தனியாக உட்கார்ந்திருப்பதால், எண்ணெய் குறைந்தால் முதலில் தேய்வது அதுதான். சிலர் நிரப்பும் துளை உள்ள பக்கத்தைச் சற்று உயர்த்திச் சிறிது கூடுதலாகவே ஊற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில் எஞ்சினைக் கிளப்பி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள். டைமிங் விளக்கில் ஐடிலில் குறி சுமார் 12 பாகை முன்னால் நிற்க வேண்டும். பிறகு சாலையில் இறங்கி, முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கிளட்சை மென்மையாகக் கையாளுங்கள். அதன் பிறகு கேபிளின் தளர்வை மீண்டும் அளந்து, கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கைபிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோமேட்டிக் 240 ஓட்டியவர்கள் ‘பார்க்’ நிலையை நம்பிப் பல ஆண்டுகள் அதைத் தொடாமலே விட்டிருப்பார்கள். பின் டிஸ்க்குகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் சிறு டிரம் ஷூக்களும் அவற்றின் கேபிள்களும் துருவேறி இறுகிப்போயிருக்கும். இப்போது ‘பார்க்’ என்ற நிலையே காரில் இல்லை. ஷூக்களைத் திறந்து சுத்தம் செய்து, லீவரை இழுத்தால் சரிவில் கார் நிற்கிறதா என்று சோதியுங்கள். அது உறுதியாகும் வரை, மேட்டில் நிறுத்தும்போது முதல் கியரில் விட்டு, கார் உருண்டால் நடைபாதைக் கல்லில் முட்டி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பிவைத்தே இறங்குங்கள்.